பிரசவம் முடியட்டும் என்று காத்திருந்த பல்

என் அக்கா மகளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுளீர் என்றது. ஒரு வாரத்தில் ராத்திரித் தூக்கம் போனது. பல் மருத்துவரிடம் போனாள். வயிற்றைப் பார்த்ததும் அவர், "உங்க பிரசவ டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். பிரசவ டாக்டரோ, "இப்ப எதுக்கு? குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். வீட்டில் பாட்டி இருவரையும் மிஞ்சினார்: "பிள்ளைக்கு ஒரு பல்லுன்னு போகும்டி. எனக்கு நாலு போச்சு."

மூன்று பேருமே அவள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் வலி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கடைசியில் அவள் போய் நின்ற இடம் தெருமுனை மெடிக்கல் ஷாப். "பல்வலிக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டாள், கொடுத்தார்கள். அவள் கர்ப்பிணியா என்று கடைப் பையன் கேட்கவில்லை, துப்பட்டாவை மீறி வயிறு தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

கர்ப்ப காலப் பல் பராமரிப்பு பற்றி நான் படிக்கத் தொடங்கியது அந்த மாத்திரை அட்டையைப் பார்த்த பிறகுதான். பல் மருத்துவரின் நாற்காலியைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் எல்லோரும் பயப்படுகிறோம். நாற்காலியைத் தவிர்த்தவள் அடுத்து எங்கே போகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை.

பாட்டியின் கணக்கிலிருந்தே வருவோம். பிள்ளைக்கு ஒரு பல் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல, உலகின் பல மூலைகளில் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இருக்கிறது. குழந்தைக்கு எலும்பு வளரக் கால்சியம் வேண்டும், அதைத் தாயின் பல்லிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதனால் பல் பலவீனமாகும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும், அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. எங்கிருந்தோ வந்துதானே ஆகவேண்டும்?

வருவது முக்கியமாகச் சாப்பாட்டிலிருந்து. கர்ப்ப காலத்தில் தாயின் குடல் உணவிலுள்ள கால்சியத்தை உறிஞ்சும் திறன் ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. அது போதாதபோது உடல் எலும்பில் கை வைக்கும். எலும்பு நெல் குதிர் மாதிரி, போடவும் செய்யலாம், எடுக்கவும் செய்யலாம். அதற்குள் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் செல்கள் இருக்கின்றன. பல்லின் மேலுறையான எனாமலில் ரத்தக்குழாயும் இல்லை, உயிருள்ள செல்லும் இல்லை. பல் முளைத்து வெளியே வந்த பிறகு அதிலிருந்து உள்வழியாகக் கால்சியத்தை எடுத்துக்கொண்டு போக உடலுக்குப் பாதையே கிடையாது.

அப்படியானால் பாட்டிக்கு நாலு பல் போனது பொய்யா? பொய்யில்லை. அவை போனதற்குக் காரணம் வேறு.

அந்தக் காரணம் முதலில் ஈறில் தெரியும். பல் துலக்கித் துப்பும்போது எச்சில் இளஞ்சிவப்பாக வருவது கர்ப்பிணிகளில் மிகச் சாதாரணம். 60 முதல் 75 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கிச் சிவக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். நார்வே நாட்டுப் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய சகா சில்னெஸும் 1963இல் கர்ப்பிணிகளின் ஈறுகளைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், இந்த வீக்கம் இரண்டாம் மாதத்தில் தலைகாட்டி, எட்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தணிவதைக் காட்டினார்கள். அதற்காக அவர்கள் வகுத்த 0 முதல் 3 வரையிலான ஈறு மதிப்பெண் முறையைப் பல் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஹார்மோன்கள் தனியாக வந்து ஈறைக் கெடுப்பதில்லை. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்குப் படலமும் அதிலுள்ள கிருமிகளும் எப்போதும் இருப்பவைதான். புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் ஏறும்போது ஈறிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன, முன்பு பொறுத்துக்கொண்ட அதே அழுக்குக்கு ஈறு இப்போது பெரிதாகக் கோபித்துக்கொள்கிறது. அழுக்கு இல்லையென்றால் கோபமும் குறைவு. இதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒரு கிருமியின் கதை. பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்ற பாக்டீரியா வளர வைட்டமின் கே போன்ற ஒரு பொருள் தேவை. அது கிடைக்காத இடத்தில் கர்ப்ப ஹார்மோன்களையே அதற்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்று 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். நான்காவது, ஐந்தாவது மாதங்களில் ஈறுப் பள்ளங்களில் அதன் கூட்டம் பெருகுவதற்கு அது ஒரு விளக்கம்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? ரத்தம் வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறார்கள். விரலால் பொடி தேய்ப்பது, அல்லது வெறும் வாய்க் கொப்புளிப்பு. படலம் தடிக்கிறது, ரத்தம் கூடுகிறது. ரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையான நாரிழை பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும், ஒன்றிரண்டு வாரத்தில் குறைவதைப் பெரும்பாலோர் பார்க்கலாம். குறையவே இல்லையென்றால் காரை, அதாவது கல்லாய் இறுகிய அழுக்குப் படலம், கட்டியிருக்கும். அதைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் நடுங்கிப்போவார்கள். இரண்டு பற்களுக்கு இடையே ஈறிலிருந்து சிவப்பாக, தொட்டால் ரத்தம் வரும் ஒரு சின்ன உருண்டை சிலருக்கு வளரும். நூறில் ஐந்து பேருக்குவரை இது வரலாம் என்கிறார்கள். மருத்துவத்தில் இதற்குக் கர்ப்பக் கட்டி என்றே பெயர், ஆனால் புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கிவிடும். சாப்பிடவே இடைஞ்சலாக இருந்தால்தான் இடையில் எடுப்பார்கள்.

ஈறு ஒரு பக்கம், மசக்கை இன்னொரு பக்கம். வாந்தியில் வரும் வயிற்று அமிலம் எனாமலைக் கரைக்கக்கூடியது. வாந்தி எடுத்ததும் வாய் நாற்றம் தாங்காமல் உடனே பிரஷ்ஷை எடுப்பது இயல்பு. அந்த நேரத்தில் எனாமல் அமிலத்தில் ஊறி இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் தேய்மானம்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்புளித்துத் துப்பிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கினால் போதும். சோடா இல்லையென்றால் வெறும் தண்ணீராவது. பேஸ்ட் வாசனையே குமட்டுகிறது என்பவர்கள் நுரை குறைவான பேஸ்ட்டை, குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ்ஷில், குமட்டல் குறைந்த நேரம் பார்த்துப் பயன்படுத்தலாம். காலையில்தான் துலக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

மாங்காய், புளி, நெல்லிக்காய் மேல் வரும் ஆசையைத் தடுக்க நான் யார்? ஒரே வேளையாகச் சாப்பிட்டு வாய் கொப்புளித்துவிட்டால் பெரிய பாதகமில்லை. நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கி வைத்துச் சப்புவதுதான் பல்லைத் தின்னும். சாம்பல், களிமண், பல்பம், பச்சரிசி தின்னும் ஆசை வேறு கதை. அது இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது. பல் தேய்வதும் உடைவதும் ஒருபுறம் இருக்கட்டும், வெட்கப்படாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரும்புச் சத்து டானிக் குடிப்பவர்களுக்குப் பல் கறுத்துப்போவதாகக் கவலை இருக்கும். அது வெளிக்கறை, சொத்தை இல்லை. உறிஞ்சுகுழலில் குடித்து வாய் கொப்புளித்தால் குறையும், பிறகு சுத்தம் செய்தால் போய்விடும். கறைக்குப் பயந்து டானிக்கை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் நட்டம்.

சரி, நாற்காலிக்கு வருவோம். கர்ப்பிணியைப் பார்த்ததும் பல் மருத்துவரே ஏன் தயங்குகிறார்? இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது கேலிக்குரியதும் அல்ல. 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடமும் நலமாக இருக்கும் குழந்தைகளின் தாய்மாரிடமும் கர்ப்ப காலம் பற்றிக் கேட்டு விவரம் திரட்டினார். கர்ப்பத்தின்போது வயிற்றில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று அதில் தெரிந்தது. முதல் முடிவுகள் 1956இல் வெளிவந்தன. அவரை நம்ப மருத்துவ உலகம் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, ஆனால் நம்பிய பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்து 1961இல் தாலிடமைடு விவகாரம். மசக்கைக்கும் தூக்கத்துக்கும் கொடுத்த மாத்திரை ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் வளர்ச்சியின்றிப் பிறக்க வைத்தது. அதன்பின் கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே என்றாலும் மருந்து என்றாலும் கை பின்வாங்குவது மருத்துவர்களுக்கு உடம்பில் ஊறிய பழக்கமாயிற்று. புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

ஆனால் ஸ்டூவர்ட் ஆராய்ந்தது நேராக வயிற்றின் மேல் பாய்ந்த, அந்தக் காலத்து அதிகக் கதிர்வீச்சுப் படங்களை. இன்று ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் வரும் கதிர்வீச்சு சுமார் 5 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாக வந்து சேரும் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறுக்கு மேல். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இயற்கையாகவே கதிர்வீசும் மோனசைட் மணலின் புண்ணியத்தால் இது இன்னும் பல மடங்கு. ஆக ஒரு பல் எக்ஸ்ரே என்பது ஒரு நாள் உயிரோடு இருப்பதைவிடக் குறைவான கதிர்வீச்சு. அதுவும் முகத்தை நோக்கிச் செலுத்தப்படுவது, கருப்பைக்கு எட்டுவது அதில் மிகச் சிறிய துளி. கருவுக்கு ஊனம் வரலாம் என்று கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது). பல் எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஒரு படி மேலே போய், நவீனக் கருவிகளில் எடுக்கும்போது ஈயக் கவசம்கூட வழக்கமாகத் தேவையில்லை, கர்ப்பிணிகளுக்கும் அப்படியே என்று அறிவித்தது. நம் ஊரில் கவசம் போட்டுத்தான் எடுப்பார்கள். போட்டால் மனசுக்கு நிம்மதி, நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம் என்பதும், தேவைப்படும்போது மறுக்க வேண்டாம் என்பதும் ஒன்றுக்கொன்று முரணான விஷயங்கள் அல்ல.

மரத்துப்போக வைக்கும் ஊசியும் அப்படித்தான். வழக்கமாகப் போடும் லிக்னோகைன் கர்ப்ப காலத்தில் பயன்படுத்தக்கூடியது, அதோடு சேர்க்கும் துளி அட்ரினலினும் முறையாகப் போட்டால் பாதகமில்லை. வலியில் துடிக்கும் உடம்பு தானே சுரக்கும் அட்ரினலின் சாதாரணமானதா என்ன? அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் 823 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 21 வாரத்துக்குள் ஈறுக்கு அடியில்வரை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள், மறு பாதிக்குப் பிரசவத்துக்குப் பின். சிகிச்சை பெற்றவர்களில் 12.0 சதவீதம், பெறாதவர்களில் 12.8 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம். சிகிச்சையால் எந்தத் தீங்கும் தெரியவில்லை. அதே ஆய்வில் சொத்தை அடைத்தல், பல் பிடுங்குதல் போன்ற அவசியச் சிகிச்சை பெற்றவர்களைத் தனியாகக் கணக்கிட்டு 2008இல் வெளியிட்டார்கள். அங்கேயும் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை.

இப்போது மெடிக்கல் ஷாப். அக்கா மகள் வாங்கிய அட்டையில் இருந்தது டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. நம் ஊரில் பல்வலி என்றதும் கை நீளும் மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த இனம்தான்: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், கீட்டோரோலாக். வலியையும் வீக்கத்தையும் நன்றாகவே குறைக்கும். ஆனால் கர்ப்பத்தின் பிற்பாதியில் இவை கருவின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான் என்பதால் அந்த நீர் வற்றலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில், 20 வாரத்துக்கு மேல் இவற்றைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கை விடுத்தது. முப்பது வாரம் தாண்டினால், கருவின் இதயத்தருகே பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தப் பாதை முன்னதாகவே மூடிவிடும் அபாயமும் சேர்கிறது. அவள் அப்போது 24ஆவது வாரத்தில் இருந்தாள். மூன்று நாள் மாத்திரைதான், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தராசில் வைத்துப் பாருங்கள். அவளுக்கு மறுக்கப்பட்ட எக்ஸ்ரேயும் ஊசியும் ஒரு தட்டில், யாரும் தடுக்காத அந்த மாத்திரை இன்னொரு தட்டில். எது கனம்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கச் சிலருக்கு மகப்பேறு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருப்பார். அது வேறு கணக்கு, அதை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

வலிக்குப் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கர்ப்ப காலப் பாராசிட்டமாலையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசியபோது பலர் கலங்கினார்கள். அந்தத் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சில நாட்களிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சொல்லப்பட்ட அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும்தான் போட வேண்டும், ஏனென்றால் எந்த வலி மாத்திரையும் சொத்தையை ஆற்றாது. சீழ் வைத்துவிட்டால் அமாக்சிசிலின் போன்ற ஆண்டிபயாடிக்குகளை, ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். தவிர்க்க வேண்டியது டெட்ராசைக்ளின் வகை. கருவின் பால்பற்கள் ஆறாவது வாரத்திலேயே அரும்பத் தொடங்கி, நான்காவது மாதம் வாக்கில் கெட்டிப்படுகின்றன. அந்த நேரத்தில் இந்த மருந்து உள்ளே போனால் பல்லோடு பல்லாகப் படிந்து, நிரந்தர மஞ்சள் பழுப்புக் கறையாகிவிடும்.

கை வைத்தியத்தைப் பொறுத்தவரை வெதுவெதுப்பான உப்பு நீர் கொப்புளிப்பது நல்லது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பது கொஞ்சம் மரத்துப்போக வைக்கும், அதிகமானால் ஈறைப் பொசுக்கும். சில கிராமங்களில் பல்வலிக்குப் புகையிலையைக் கிள்ளி வைக்கச் சொல்கிறார்கள். அது மட்டும் கூடவே கூடாது. நிகோடின் நேராக ரத்தத்தில் ஏறும், குழந்தைக்கும் போகும்.

காத்திருக்கவே கூடாத சில அறிகுறிகள் உண்டு. தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், காய்ச்சல். பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கலாம். அந்த நேரத்தில் எத்தனையாவது மாதம் என்ற கேள்விக்கே இடமில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பல் மருத்துவமனை வரவேற்பறைகளில் தொங்கும் ஒரு பயத்தைப் பற்றியும் பேச வேண்டும்: ஈறு நோய் இருந்தால் குறைமாதத்தில் குழந்தை பிறக்கும். இதன் தொடக்கம் 1996. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்டீவன் ஆஃபன்பாக்கர் தலைமையிலான குழு 124 தாய்மாரைப் பரிசோதித்து, கடுமையான ஈறு நோய் இருந்தவர்களுக்குக் குறைமாத, எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று எழுதியது. பல் மருத்துவ உலகமே எழுந்து உட்கார்ந்தது. ஈறைச் சரிசெய்தால் குறைமாதப் பிரசவம் குறையும் அல்லவா? அதைத்தான் மேலே சொன்ன 823 பேர் ஆய்வு சோதித்தது, குறையவில்லை. ஆஃபன்பாக்கரே சுமார் 1,800 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்விலும் குறையவில்லை. தன் கருத்தைத் தானே சோதித்து, வந்த முடிவை மறைக்காமல் எழுதினார் என்பதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

கதை அங்கே முடியவுமில்லை. 2022இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து ஒரு முடிவு வந்தது. 10,069 பெண்கள் சேர்ந்த ஆய்வு. சில சுகாதார நிலையங்களில் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் கலந்த சூயிங்கம் தினமும் மெல்லக் கொடுத்தார்கள், மற்றவற்றில் ஆலோசனை மட்டும். குறைமாதப் பிரசவம் சூயிங்கம் பக்கம் 12.6 சதவீதம், மறுபக்கம் 16.5 சதவீதம். கர்ப்பம் நடுவழியில் இருக்கும்போது ஆழமாகச் சுரண்டுவதைவிட, தொடக்கத்திலிருந்தே கிருமிக் கூட்டத்தைத் தணிப்பதுதான் பலன் தருமோ என்று இப்போது யோசிக்கிறார்கள். ஆனால் பிரித்தது தனித்தனிப் பெண்களாக அல்ல, எட்டு நிலையங்களாக. ஒரு நிலையத்துக்கும் இன்னொன்றுக்கும் ஆயிரம் வேறுபாடு இருக்கும். வேறு இடங்களிலும் இதே முடிவு வந்தால் நம்பலாம்.

ஆக, "பல்லைக் கவனிக்காவிட்டால் குழந்தைக்கு ஆபத்து" என்று ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்த இன்றுள்ள ஆதாரம் போதாது. எனக்கு அந்த வாதமே பிடிப்பதில்லை. பல்லில் கை வைக்காதே என்பவரும் குழந்தையைக் காட்டுகிறார், பல்லைச் சுத்தம் செய் என்பவரும் குழந்தையைக் காட்டுகிறார். நடுவில் தூங்காமல் உட்கார்ந்திருப்பவளுக்கு வலிக்கிறது என்பது மட்டும் யாருக்கும் போதுமான காரணமாகத் தெரிவதில்லை.

நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு தொடர்பு சர்க்கரை. கர்ப்ப காலச் சர்க்கரை நோயை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா விடாமல் வற்புறுத்தினார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும் அந்தப் பரிசோதனை தமிழ்நாட்டு அரசு மையங்களில் வழக்கமாயிற்று. அதில் சர்க்கரை அளவு 140ஐத் தொட்டவர்கள் ஈறைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வரச் சிரமப்படும். இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும்.

எப்போது போகலாம் என்றால், வலியோ சீழோ இருந்தால் இன்றே. தள்ளிப்போட முடிகிற வேலைகளுக்கு நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை வசதி. அப்போது மசக்கை தணிந்திருக்கும், வயிறும் மல்லாந்து படுக்க முடியாத அளவுக்குப் பெரிதாகியிருக்காது. முதல் மூன்று மாதங்களில் செய்யவே கூடாது என்பதில்லை. வயிறு பெரிதான பிறகு நேராக மல்லாந்தால் கருப்பை பின்னாலுள்ள பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும், வியர்க்கும். வலது இடுப்புக்குக் கீழ் ஒரு சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் சரியாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே இதைக் கேட்டுவிடலாம். பல்லை வெளுப்பாக்குவது, கிளிப் போடுவது போன்ற அழகு வேலைகளுக்கு அவசரமே இல்லை. பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பைக் கர்ப்பிணிகளுக்குப் புதிதாக வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018லேயே தடுத்துவிட்டது, பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க இந்தியா சேர்ந்துள்ள மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையிலும் அதே திசைதான். பல் நிற அடைப்பு கேட்டு வாங்கலாம். ஆனால் வாயில் ஏற்கெனவே இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்து பிடுங்கச் சொல்ல வேண்டாம், பிடுங்கும்போதுதான் பாதரச ஆவி கிளம்பும்.

லெட்டர் விவகாரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2013லேயே தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது: முதல் பரிசோதனையிலேயே பல்லைப் பற்றிக் கேளுங்கள், எக்ஸ்ரேயும் மரத்துப்போகும் ஊசியும் பாதுகாப்பானவை என்று கர்ப்பிணிக்குத் தைரியம் சொல்லுங்கள். ஆக லெட்டர் வேண்டுமென்றால் வலி வந்த பிறகு அலைய வேண்டாம். மூன்றாம் மாத ஸ்கேனுக்குப் போகும்போதே, ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் குறித்து ஒரு சீட்டு கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஓராண்டுவரை தாய்மாருக்கும் அரசுத் திட்டத்தில் பல் சிகிச்சை இலவசம். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து இலங்கையில் கர்ப்பிணியின் பதிவேட்டிலேயே பல் பரிசோதனைக்கு இடம் வைத்திருக்கிறார்கள், குடும்ப நல மாது (அங்கே ஊர்ச் செவிலியருக்கு அந்தப் பெயர்) அவளைப் பல் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிவைப்பார். தமிழ்நாட்டில் மகப்பேற்றுக்குச் செய்யும் ஏற்பாடுகள் குறைவானவை அல்ல. 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய்வரை வளர்ந்தது. அதன் தவணைகள் முன்பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றோடு கட்டப்பட்டவை, அதனாலேயே அவையெல்லாம் நடக்கின்றன. ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இரும்புச் சத்து டானிக்கும் இருக்கின்றன. அவற்றை மெல்லும் பல்லை ஒருமுறை பார்த்துவிடுவது அந்தத் தவணைக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ந்தால் போதும், லெட்டர் என்ற பேச்சே எழாது.

பிரசவம் முடியட்டும் என்பவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது மறந்துபோகிறது. இரண்டு மணிக்கொருமுறை பால், தூக்கமில்லாத இரவு, தையல் வலி, பச்சை உடம்புக்காரி வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு. அதில் பல் மருத்துவருக்கு நேரம் ஏது? சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் தாயின் எச்சிலிலிருந்துதான் குழந்தையின் வாய்க்குப் போகின்றன. சோற்றை வாயில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டுவதிலும், கீழே விழுந்த ரப்பர் நிப்பிளைச் சப்பிச் சுத்தம் செய்து கொடுப்பதிலும். தாயின் வாய் சுத்தமாக இருந்தால் கிருமிச் சொத்து கொஞ்சம் தாமதமாகவாவது கை மாறும்.

அக்கா மகள் கடைசியில் பல் மருத்துவரிடம் போனபோது குழந்தைக்கு எட்டு மாதம். வேறொரு மருத்துவர். ஆறாவது மாதத்தில் வந்திருந்தால் வேர் சிகிச்சை செய்து உறை போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதற்குள் பல் வேர்வரை பிளந்திருந்தது, பிடுங்கத்தான் முடிந்தது. பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துப் பாட்டி சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல? பிள்ளைக்கு ஒரு பல்லு."